போதையில் நண்பன், கையில் துப்பாக்கி: வேடிக்கை பார்ப்பது நட்பாகுமா?

கல்யாண சீசன் தொடங்கிவிட்டால் உத்தரப் பிரதேசம், பீகார், ஹரியானா, பஞ்சாப் மாநிலங்களிலிருந்து ஒரே மாதிரியான செய்திகள் வரத் தொடங்கிவிடுகின்றன. மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது. மேளமும் டிஜேயும் முழங்குகின்றன. குடித்திருக்கும் ஒருவர் துப்பாக்கியை எடுத்து 'சந்தோஷத்துக்காக' சுடுகிறார். மாடியில் நின்று வேடிக்கை பார்த்த ஒரு சிறுவனோ, மேடையில் இருந்த ஒரு பெண்ணோ, சில நேரம் மாப்பிள்ளையோ ரத்த வெள்ளத்தில் சாய்கிறார். 'ஹர்ஷ் ஃபயரிங்' என்று அதற்கு ஒரு பெயரையே வைத்துவிட்டார்கள். ஹர்ஷ் என்றால் மகிழ்ச்சி.

2016 டிசம்பரில் பஞ்சாபின் பட்டிண்டா மாவட்டத்திலுள்ள மௌர் நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்ததை பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். மேடையில் ஆடிக்கொண்டிருந்த 25 வயதுப் பெண், குடித்திருந்த விருந்தினர் ஒருவர் சுட்டதில் மேடையிலேயே உயிரிழந்தார். அந்தக் காட்சி வீடியோவாக நாடெங்கும் பரவியது. துப்பாக்கி வெடித்த அந்த நொடி வரை ஆட்டம் நிற்கவில்லை.

இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது சுட்டவனைத் திட்டுகிறோம். மதுவைத் திட்டுகிறோம். இரண்டும் நியாயமே. ஆனால் நாம் கேட்க மறக்கும் கேள்வி ஒன்று உண்டு. அவன் துப்பாக்கியைத் தொட்ட நேரத்திலிருந்து அது வெடித்த நேரம் வரை அவனுடைய நண்பர்கள் என்ன செய்தார்கள்?

இந்தக் கட்டுரை அந்த நண்பர்களைப் பற்றியது.

சட்டம் எங்கே நிற்கிறது?

2016 இறுதியில் நாட்டில் நடைமுறையில் இருந்த துப்பாக்கி உரிமங்கள் சுமார் 33.7 லட்சம். அதில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் சுமார் 12.8 லட்சம். தமிழகத்தில் எண்ணிக்கை மிகக் குறைவு. கள்ளத் துப்பாக்கிகள் இந்தக் கணக்கில் வராது. வடக்கே பல பகுதிகளில் துப்பாக்கி என்பது தற்காப்புப் பொருளாக மட்டும் இல்லை. அது அந்தஸ்து. நகை அணிவதைப் போல கல்யாணத்துக்குத் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறார்கள்.

இதைத் தடுக்கவே 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தில் 2019 டிசம்பரில் ஒரு திருத்தம் வந்தது. பொதுக் கூட்டங்கள், வழிபாட்டு இடங்கள், திருமணங்கள் போன்றவற்றில் கொண்டாட்டமாகச் சுடுவது தனிக் குற்றமாக்கப்பட்டது. பிறர் உயிருக்கோ பாதுகாப்புக்கோ ஆபத்து ஏற்படும் வகையில் அப்படிச் சுட்டாலும், அஜாக்கிரதையாகத் துப்பாக்கியைக் கையாண்டாலும் 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். யாருக்கும் காயம் படாவிட்டாலும் இது குற்றம்தான். பொது இடத்தில் துப்பாக்கியைக் காட்டி ஆட்டுவதையே 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் தடை செய்கின்றன.

2020 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பும் நாம் அறிய வேண்டியது. 2007-இல் உத்தராகண்டில் நடந்த ஒரு திருமணத்தில் ஒருவர் தமது உரிமம் பெற்ற துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட்டார். சிதறிய குண்டுகள் ஐந்து பேர் மீது பாய்ந்தன. இரண்டு பேர் இறந்தனர். அவருக்குக் கொல்லும் எண்ணம் இல்லை என்பதை நீதிமன்றம் ஏற்றது. அதனால் அது கொலைக்குற்றம் ஆகவில்லை. ஆனால் கூட்டத்துக்கு நடுவே சுட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் சாகக்கூடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்லி, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு அவரைப் பொறுப்பாக்கியது. தற்காப்புக்காகத் தரப்பட்ட உரிமத்தைக் கொண்டாட்டத்துக்குப் பயன்படுத்த முடியாது என்பதையும் தெளிவாக்கியது.

'நான் போதையில் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சொல்லித் தப்பலாமா? முடியாது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 24-வது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 86-வது பிரிவு, இதற்கு விடை சொல்கிறது. தானாகக் குடித்தவனுக்கு, குடிக்காமல் இருந்திருந்தால் என்ன அறிவு இருந்திருக்குமோ அதே அறிவு இருந்ததாகவே சட்டம் கருதும். நம் மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோரின் நிலைப்பாடும் இதற்கு நெருக்கமானதே. விரும்பிக் குடித்தவன் போதையில் செய்த கொலைக்கு அவனே பொறுப்பாளி.

சட்டம் இருந்தும் ஏன் குறையவில்லை? சட்டம் வந்து சேருவது குண்டு பாய்ந்த பிறகு. அதற்கு முன் அந்த இடத்தில் இருப்பவர்கள் உறவினர்களும் நண்பர்களும்தான்.

ஆயுதம் பற்றி நபிமொழிகள்

துப்பாக்கி கண்டுபிடிக்கப்படுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆயுத ஒழுக்கத்தை நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதை அவர்கள் தடுத்தார்கள். அதற்குச் சொன்ன காரணம் கவனிக்கத்தக்கது. ஷைத்தான் கையைத் தட்டிவிடக்கூடும், அதனால் நீட்டியவன் நரகக் குழியில் விழக்கூடும் என்றார்கள் (புகாரி, முஸ்லிம்). கொல்லும் எண்ணம் இருக்கிறதா என்ற கேள்விக்கே அங்கு இடமில்லை. கை தவறிவிடும் என்பதே போதுமான காரணம். உடன்பிறந்த சகோதரனாகவே இருந்தாலும் அவனை நோக்கி இரும்பை நீட்டுபவன் அதை விடும் வரை வானவர்கள் சபிக்கிறார்கள் என்ற எச்சரிக்கையும் முஸ்லிமில் உண்டு. 'சும்மா விளையாட்டுக்கு' என்ற சாக்கை இது அடைத்துவிடுகிறது.

பள்ளிவாசல் வழியாகவோ கடைத்தெரு வழியாகவோ அம்புகளோடு செல்பவர் அதன் முனைகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஒரு கட்டளை (புகாரி). உறையிலிருந்து உருவிய நிலையில் வாளை ஒருவர் மற்றவரிடம் கொடுப்பதும் தடுக்கப்பட்டிருக்கிறது (அபூதாவூத், திர்மிதீ).

இன்று துப்பாக்கிப் பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தரும் பாடங்களை இவற்றோடு வைத்துப் பாருங்கள். எந்தத் துப்பாக்கியையும் குண்டு நிரம்பியதாகவே கருத வேண்டும். சுட விரும்பாத எதையும் நோக்கி அதன் வாயைத் திருப்பக் கூடாது. சுடத் தயாராகும் வரை விசையில் விரல் படக் கூடாது. குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் சுடக் கூடாது. இவை நான்குக்கும் தெளிந்த மூளை வேண்டும். மது முதலில் பறிப்பதும் அதைத்தான். குடித்தவனுக்குத் தன் கை எவ்வளவு நடுங்குகிறது என்பதே தெரியாது. 'குண்டு இல்லை, கழற்றிவிட்டேன்' என்று அவன் சத்தியம் செய்வான். கைத்துப்பாக்கியில் மேகசினைக் கழற்றிய பிறகும் உள்ளே ஒரு குண்டு தங்கியிருக்கக்கூடும். எத்தனையோ உயிர்கள் அந்த ஒரு குண்டில் போயிருக்கின்றன.

வானத்தை நோக்கிச் சுடுவதும் பாதுகாப்பானதன்று. மேலே போன குண்டு எங்கோ ஓரிடத்தில் உயிர் பறிக்கும் வேகத்தில் இறங்குகிறது. அங்கே யார் நிற்கிறார் என்று சுட்டவனுக்குத் தெரியாது.

ஹம்ஸா (ரலி) அவர்களின் நிகழ்வு தரும் பாடம்

மது தடை செய்யப்படுவதற்கு முன் நடந்த ஒரு நிகழ்வு புகாரியில் பதிவாகியிருக்கிறது. இந்தத் தலைப்பில் இதைவிடத் தெளிவான வழிகாட்டல் வேறு இருக்க முடியாது என்றே நாம் கருதுகிறோம்.

அலீ (ரலி) அவர்கள் ஃபாத்திமா (ரலி) அவர்களுடனான திருமண விருந்துக்காகப் பொருள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் இரண்டு ஒட்டகங்கள் இருந்தன. பக்கத்து வீட்டில் ஹம்ஸா (ரலி) அவர்கள் சிலரோடு குடித்துக்கொண்டிருந்தார்கள். பாடகி ஒருத்தி அந்த ஒட்டகங்களைச் சுட்டிப் பாடித் தூண்டிவிட்டாள். ஹம்ஸா வாளை எடுத்துக்கொண்டு பாய்ந்து, இரண்டு ஒட்டகங்களின் திமில்களையும் அறுத்துவிட்டார்கள். அலீ (ரலி) கலங்கிப்போய் நபி (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள்.

கல்யாணம், மது, பாட்டு, தூண்டிவிடும் கூட்டம், கையில் ஆயுதம். இன்றைய செய்திகளில் நாம் படிப்பது எல்லாம் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் மேலாடையை அணிந்துகொண்டு நேரே அந்த வீட்டுக்குச் சென்றார்கள். அனுமதி கேட்டு உள்ளே நுழைந்து, ஹம்ஸாவைக் கண்டிக்கத் தொடங்கினார்கள். அவருடைய கண்கள் சிவந்திருந்தன. நபியவர்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் எல்லாம் என் தந்தையின் அடிமைகள்தானே என்ற பொருளில் பேசிவிட்டார். அவர் போதையில் இருக்கிறார் என்பது அப்போது புரிந்தது. உடனே நபி (ஸல்) அவர்கள் பின்னோக்கி நகர்ந்தபடியே வெளியேறினார்கள். உடன் வந்தவர்களும் வெளியேறினார்கள்.

அல்லாஹ்வின் தூதர் அந்த இடத்தில் விவாதத்தை நீட்டவில்லை. சொன்ன சொல்லுக்குப் பதிலடி தரவில்லை. முதுகைத் திருப்பாமல் ஏன் பின்னோக்கி நடந்தார்கள்? போதையில் இருப்பவர் பேச்சிலிருந்து செயலில் இறங்கிவிடக்கூடும், அப்படி ஏதாவது நடந்தால் கண்ணில் படும்படி இருந்து தடுக்க வேண்டும் என்பதற்காக என்று ஹதீஸ் விரிவுரையாளர் இப்னு ஹஜர் (ரஹ்) விளக்கம் சொல்கிறார்கள்.

இதில் நமக்கு மூன்று பாடங்கள். ஒன்று, கேள்விப்பட்டதும் போனார்கள், 'அது அவர் பாடு' என்று விடவில்லை. இரண்டு, போதை என்று தெரிந்ததும் உபதேசத்தை நிறுத்தினார்கள். மூன்று, விலகும்போதும் கவனத்தை விலக்கவில்லை.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது

நம் பிள்ளைகள் இன்று டெல்லியிலும் நொய்டாவிலும் வேலை செய்கிறார்கள். அலிகரில் படிக்கிறார்கள். உறவினர்கள் அமெரிக்காவில் குடியிருக்கிறார்கள். கல்வராயன், ஜவ்வாது போன்ற நம் மலைப்பகுதிகளிலேயே நாட்டுத் துப்பாக்கிகள் புழங்குகின்றன. குடித்த ஒருவன் கையில் துப்பாக்கியைப் பார்க்கும் நிலை நம் வீட்டுப் பிள்ளைக்கு வராது என்று சொல்ல முடியாது. எனவே இதை வீட்டில் உட்கார்ந்து பேசி வைப்பது நல்லது.

முதலில், துப்பாக்கி வாய்க்கு நேரே நிற்காதீர்கள். குழந்தைகளையும் மற்றவர்களையும் சத்தம் போடாமல் வெளியே அனுப்புங்கள். மரக்கதவும் சோபாவும் மெல்லிய தடுப்பும் குண்டை நிறுத்தாது. செங்கல் சுவருக்கோ கான்கிரீட் தூணுக்கோ பின்னால் செல்லுங்கள்.

இரண்டாவது, பிடுங்கப் பாயாதீர்கள். வீரமாகத் தோன்றும். ஆனால் இழுபறியில்தான் விசையில் விரல் அழுந்துகிறது. கைக்குக் கை வாங்குவதைவிட அவனையே கீழே வைக்கச் சொல்வது பாதுகாப்பானது. அதுவும் அவன் பேச்சுக்கு இணங்கும் நிலையில் இருந்தால் மட்டும்.

மூன்றாவது, ஒரே ஒருவர் பேசட்டும். அவனுக்குப் பிடித்தவர், குரலை உயர்த்தாதவர். "மச்சான், அதை மெதுவா கீழே வச்சுடு. வா, டீ குடிக்கப் போகலாம்" என்ற அளவுக்குப் போதும். அந்த நேரத்தில் குடியின் கேட்டைப் பற்றி பயான் வேண்டாம். 'உனக்குச் சுடத் தைரியம் இருக்கா?' என்ற சீண்டல் வேண்டவே வேண்டாம்.

நான்காவது, செல்போனை வீடியோ எடுக்கத் தூக்காதீர்கள். கேமராவைப் பார்த்தால் போதையில் இருப்பவனுக்கு வீரம் கூடும். அதே செல்போனை வெளியே சென்று 112-ஐ அழைக்கப் பயன்படுத்துங்கள். இடம், குடித்திருக்கிறார் என்பது, கையில் துப்பாக்கி இருக்கிறது என்பது, உள்ளே எத்தனை பேர், யாருக்காவது காயமா என்பதைச் சொல்லுங்கள். போலீஸார் வரும்போது உங்கள் கைகள் வெறுமையாக, அவர்களுக்குத் தெரியும்படி இருக்கட்டும்.

ஐந்தாவது, அவன் தூங்கிவிட்டான் என்பதற்காகப் பிரச்சினை முடிந்ததாக எண்ண வேண்டாம். பழக்கமில்லாதவர் குண்டைக் கழற்றிப் பார்க்கக் கூடாது. யாரையும் அந்த அறைக்குள் விடாமல் போலீஸாரிடம் சொல்லுங்கள்.

ஆறாவது, 'செத்துப்போகிறேன்' என்று அவன் சொன்னால் போதைப் பேச்சு என்று ஒதுக்காதீர்கள். உடனே 112-க்குச் சொல்லுங்கள். பின்னர் மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. யாருக்காவது குண்டுக் காயம் பட்டால், ஆபத்து விலகிய பிறகு சுத்தமான துணியால் காயத்தை விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழையுங்கள்.

'காட்டிக்கொடுப்பதா?'

இங்கேதான் நம்மில் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை நாம் கேலி செய்யவில்லை. அதற்குக் காரணங்கள் உண்டு.

முதல் தயக்கம் நட்பு. நண்பனைப் போலீஸில் மாட்டிவிடுவதா என்ற உறுத்தல். அநீதி இழைப்பவனாக இருந்தாலும், இழைக்கப்பட்டவனாக இருந்தாலும் உன் சகோதரனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, அநீதி இழைப்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டார்கள். அவனைத் தடுப்பதே அவனுக்குச் செய்யும் உதவி என்று விடை வந்தது (புகாரி). 112-ஐ அழைத்த நண்பன் மீது அவன் ஒரு மாதம் கோபப்படலாம். அழைக்காத நண்பன் ஒரு ஜனாஸாவுக்கும் ஒரு சிறைவாசத்துக்கும் சாட்சியாகிறான்.

இரண்டாவது தயக்கம் பயம். முஸ்லிம் பெயர், துப்பாக்கி, போலீஸ் என்ற மூன்று சொற்கள் ஒரே செய்தியில் வந்தால் அது எப்படித் தலைப்பாகும் என்று நமக்குத் தெரியும். அந்தப் பயம் கற்பனையன்று. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். யாருக்கும் அடிபடுவதற்கு முன் முதலில் தகவல் சொன்னவர் சாட்சியாக நிற்பார். அடிபட்ட பிறகு அங்கே இருந்தவர் எல்லாம் விசாரணைக்குள் வருவார்கள். மறைத்தவர், துப்பாக்கியை அப்புறப்படுத்தியவர், வீடியோவை அழித்தவர் குற்றவாளியாகவே ஆகக்கூடும். தயக்கமாக இருந்தால் ஜமாஅத் நிர்வாகி ஒருவரையும் பழக்கமான வழக்கறிஞர் ஒருவரையும் அழையுங்கள். ஆனால் அது 112-ஐ அழைத்த பிறகு.

மூன்றாவது தயக்கம்தான் கடினமானது. அது மானம். 'நம் வீட்டில் குடிப்பவரே இல்லை' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அப்படிச் சொல்வதால் குடிப்பவர் இல்லாமல் போவதில்லை. மறைவாகக் குடிப்பவர் மறைவாகவே ஆபத்தில் விழுகிறார். திருக்குர்ஆன் 5:90, 91 வசனங்கள் மதுவை ஷைத்தானின் அருவருப்பான செயலாகச் சொல்வதோடு, அதன் மூலம் அவன் நம்மிடையே பகையையும் வெறுப்பையும் உண்டாக்க விரும்புகிறான் என்றும் எச்சரிக்கின்றன. பாவத்தை மூடி மறைப்பது வேறு, ஆபத்தை மூடி மறைப்பது வேறு. முன்னது சகோதரனின் மானத்தைக் காப்பது. பின்னது மற்றவரின் உயிரை விலையாகக் கொடுப்பது.

விடிந்த பிறகு

போதை தெளிந்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். 'நேத்து என்னடா கூத்து!' என்று சிரித்துக் கடந்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பு அடுத்த முறைக்கு அவனுக்குக் கிடைக்கும் அனுமதி.

தனியாக உட்கார வைத்து, நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். துப்பாக்கி யாரை நோக்கித் திரும்பியது, எந்தக் குழந்தை எங்கே நின்றது என்று சொல்லுங்கள். குடித்தவனுக்கு அது நினைவில் இருக்காது. அவனுக்கு உரிமம் இருந்தால் ஆயுதத்தைக் காவல் நிலையத்திலோ, உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால், உரிமம் வழங்கும் அதிகாரியிடம் குடும்பத்தார் முறையிடலாம். பொதுப் பாதுகாப்பு கருதி உரிமத்தை நிறுத்தி வைக்கவும் ரத்து செய்யவும் ஆயுதச் சட்டத்தின் 17-வது பிரிவு அவருக்கு அதிகாரம் தருகிறது. உரிமம் இல்லாத துப்பாக்கி என்றால், வழக்கறிஞரின் துணையோடு போலீஸில் ஒப்படைப்பதைத் தவிர நல்ல வழி இல்லை. அதை வாங்கி உங்கள் வீட்டில் ஒளித்து வைக்காதீர்கள். வைத்திருந்தால் குற்றம் உங்களுடையது.

குடிக்கு மருத்துவம் உண்டு. மறுவாழ்வு ஆலோசனைக்கு மத்திய அரசின் 14446 என்ற எண்ணில் வழி கேட்கலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் சிகிச்சை பெறலாம். தவ்பாவும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று எதிரியில்லை.

இழிவுபடுத்தவும் வேண்டாம். மது அருந்தியதற்காகத் தண்டிக்கப்பட்ட ஒருவரைத் தோழர் ஒருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்றார்கள். சகோதரனுக்கு எதிராக ஷைத்தானுக்கு உதவாதீர்கள் என்ற எச்சரிக்கையும் இதே போன்ற சந்தர்ப்பத்தில்தான் வந்தது (புகாரி). தண்டனையும் உண்டு, உறவும் உண்டு. ஒன்று மற்றதை அழிக்கவில்லை.

அன்று போதையில் வாளோடு நின்ற ஹம்ஸா (ரலி) அவர்கள்தாம், பின்னர் உஹதுப் போரில் உயிர்த் தியாகம் செய்து ஷஹீத்களின் தலைவர் என்ற சிறப்பை அடைந்தார்கள். ஓர் இரவின் தவறு ஒரு மனிதனின் முடிவாகிவிடாது. அந்த இரவில் எந்த உயிரும் போகாமல் பார்த்துக்கொள்பவர்கள் அவனைச் சுற்றி இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

துப்பாக்கியைக் கண்ணால் பார்த்திராத குடும்பங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நம் ஊரில் போதையில் இருக்கும் நண்பனின் கையில் பெரும்பாலும் இருப்பது பைக் சாவி. அதை வாங்கி வைக்கத் தயங்கும் அதே கூச்சம்தான் அங்கே துப்பாக்கியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு உயிரைக் காப்பாற்றியவர் மனிதர் அனைவரையும் காப்பாற்றியவர் போலாவார் என்று திருக்குர்ஆன் 5:32 சொல்கிறது. அந்த நன்மை சில நேரங்களில் ஒரு போன் அழைப்பின் தூரத்தில்தான் இருக்கிறது.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் போதையிலிருந்தும், தீய நட்பிலிருந்தும், பிறர் ரத்தம் கையில் படுவதிலிருந்தும் காப்பானாக! தடுக்க வேண்டிய நேரத்தில் தடுக்கும் துணிவை நமக்குத் தருவானாக! ஆமீன்.